வாரன்ரி முடிந்து ஏழு கிழமையில் எஞ்சின் நின்றுவிட்டது

கேள்வி:

ஐயா, நான் நெல்லியடியில் இருக்கும் ஓர் ஆசிரியை. 2020 சனவரியில் லீசிங்கில் புதிய கார் ஒன்று எடுத்தோம். மூன்று சிலிண்டர், ஆயிரம் சிசி. ஐந்து வருடம் அல்லது ஒரு இலட்சம் கிலோமீற்றர், எது முந்துகிறதோ அதுவரை வாரன்ரி. இதுவரை ஓடியது 60,000 தான். இந்த மார்ச்சில் அம்மாவைக் கண் வைத்தியரிடம் காட்டக் கொழும்புக்கு வெளிக்கிட்டோம். முறிகண்டியில் இறங்கிக் கும்பிட்டு, கச்சானும் வாங்கிக்கொண்டு புறப்பட்டோம். கொக்காவில் தாண்டியதும் ஏசியில் குளிர் இல்லாமல் போனது. கொஞ்ச நேரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு கடை தெரியும்வரை போவோம் என்று தம்பி இன்னும் இரண்டு மூன்று கிலோமீற்றர் ஓட்டினான். மாங்குளத்துக்குக் கிட்டப் போய்க் கார் தானாக நின்றுவிட்டது.

கரியரில் ஏற்றி வந்து யாழ்ப்பாணத்தில் கொம்பனியின் சேர்விஸ் நிலையத்தில் விட்டோம். அவர்கள் திறந்து பார்க்கவே இல்லை. எஞ்சின் முழுவதும் மாற்ற வேண்டும், 14 இலட்சம் வரும், வாரன்ரி சனவரியோடு முடிந்துவிட்டது என்கிறார்கள். ஒரு படிவத்தில் கையெழுத்தும் கேட்கிறார்கள். எங்கள் ஊர் மெக்கானிக், ஹெட் காஸ்கெற் மட்டும்தான் போயிருக்கும், கொண்டுவாருங்கள் என்கிறார். சேர்விஸ் பில் எல்லாம் கோப்பில் இருக்கிறது. கடைசி இரண்டின் படத்தை அனுப்புகிறேன். ஒன்றை மறைக்கக்கூடாது: தைப்பொங்கலுக்குப் பிறகு ரேடியேற்றரில் தண்ணீர் குறைகிறது என்று தம்பி வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை இரண்டு மூன்று தரம் விட்டிருக்கிறான். கொரோனாக் காலத்துச் சலுகையால் லீசிங்கும் இன்னும் எட்டு மாதம் கிடக்கிறது. நாங்கள் என்ன செய்வது?

பதில்:

ரீச்சர், அந்தப் படிவத்தில் இப்போதைக்குக் கையெழுத்து வைக்காதீர்கள். எஞ்சினை மாற்றுவதற்கான சம்மதமாகத்தான் அது இருக்கும். நீங்கள் ஒப்பமிட்டால் பழைய எஞ்சின் இறங்கிவிடும். இறங்கியது பழைய இரும்புக் குவியலுக்குப் போய்விட்டால், உங்களுக்காகப் பேசக்கூடிய சாட்சியும் அதோடு போய்விடும். வேண்டுமானால் ஒரு வரி எழுதிக் கொடுங்கள்: "பரிசோதனைக்கு மட்டும் சம்மதம். என் முன்னிலையில் திறக்க வேண்டும். கழற்றும் பாகங்கள் எனக்குத் திருப்பித் தரப்பட வேண்டும்." பரிசோதனைக் கூலி எவ்வளவு என்பதையும் அதே தாளில் எழுதுவித்து வாங்குங்கள்.

இன்னும் இரண்டு காரியங்களுக்கு விடக்கூடாது. ஒன்று, "ஒருக்கா ஸ்ராட் பண்ணிப் பார்ப்போம்" என்று யாரும் சாவியைத் திருப்பக்கூடாது. எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் சிலிண்டர்கள் இருக்கும் புளொக்குக்கும் இடையில் தண்ணீர் கசியாமல் அடைத்து நிற்கும் தகடுதான் காஸ்கெற். அது போன எஞ்சினில் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கலாம். காற்றும் பெற்றோல் ஆவியும் அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்ரன் மேலே வந்து அதில் முட்டினால் பிஸ்ரனைத் தாங்கும் கொன்ரொட் வளைந்துவிடும். அப்புறம் உண்மையாகவே எஞ்சின் மாற்ற வேண்டித்தான் வரும். இரண்டு, ஸ்கான் பண்ணி அந்தப் பக்கத்தை அச்சில் எடுப்பதற்கு முதல் பற்றறியைக் கழற்றக்கூடாது. பிழை பதியும் நேரத்தில் எஞ்சின் எவ்வளவு சூட்டில், எந்த வேகத்தில் ஓடியது என்பதைக் காரின் கணினி குறித்து வைத்திருக்கும். பற்றறி கழன்றால் அது அழிந்துபோகக்கூடும்.

சரி, இப்போது பில்லுக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களையும் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்தேன். முதலாவது 2023 யூன், 41,000 கிலோமீற்றர். எஞ்சின் ஒயில், ஒயில் பில்டர், எயார் பில்டர், துடைக்கிற துணிக்குக்கூட ஒரு காசு. ஆறாவது வரியில் "கூலன்ற் 1 லீ." இரண்டாவது 2024 மே, 52,000 கிலோமீற்றர். அதிலும் "கூலன்ற் 1 லீ." சின்னத் தொகை என்பதால் நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். எழுதியவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ற், ஒயிலைப்போல எரிந்து குறைகிற சாமான் அல்ல. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. உங்கள் அளவு எஞ்சினில் மொத்தமாகவே நாலு, ஐந்து லீற்றர்தான் இருக்கும். அதில் ஒரு லீற்றர் காணாமல் போகிறது என்றால் எங்கேயோ வழி இருக்கிறது. வோட்டர் பம்பின் சீல் கசியலாம். ரேடியேற்றரின் பிளாஸ்ரிக் தாங்கியில் மயிரிழை வெடிப்பு இருக்கலாம். மூடியின் ரப்பர் செத்திருக்கலாம். காஸ்கெற்றே அப்போதிருந்து மெல்ல விட்டுக்கொண்டிருந்திருக்கலாம். முதல் தரம் குறைந்ததை ஊற்றி நிரப்பி அனுப்பியதைக்கூட விட்டுவிடுவோம். அதே கார் 11,000 கிலோமீற்றர் ஓடி வந்து திரும்பவும் ஒரு லீற்றர் கேட்டபோது, ரேடியேற்றர் வாயில் கைப்பம்பைப் பூட்டி, அமுக்கம் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். கால் மணித்தியால வேலை. பார்த்ததாக இரண்டு பில்லிலும் ஒரு சொல் இல்லை.

ஆகவே உங்கள் வழக்கு இதுதான்: எஞ்சின் நின்றது மார்ச்சில், ஆனால் பிழை 2023 யூனிலேயே தலைகாட்டிவிட்டது. அப்போது வாரன்ரிக்கு இன்னும் ஒன்றரை வருடம் மிச்சம் இருந்தது. அதை எழுதிக் கையில் தந்தவர்களும் அவர்களேதான்.

வாரன்ரி முடிந்து எஞ்சின் போன எல்லோருக்கும் நான் இப்படிச் சொல்வதில்லை. பன்னிரண்டு வருடம் ஓடி, றிங் தேய்ந்து, ஒயில் குடிக்கிற காரோடு வந்து கொம்பனியில் கேட்கலாமா என்பவர்களை, தேத்தண்ணி ஒன்று கொடுத்து அனுப்பிவிடுவேன். ஜப்பானில் ஓடிக் கழித்து இங்கே ரிகண்டிஷனாக வந்த காருக்கும் இந்த வழி கிடையாது. விற்றவர் ஏதாவது எழுதித் தந்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. உங்களுடையது புதிதாக எடுத்த கார், சேர்விஸ் எல்லாம் அவர்களிடமே செய்திருக்கிறீர்கள், ஓட்டமும் குறைவு. இந்த மூன்றும் ஒன்றாக அமைவது அருமை.

இனி உங்கள் பக்கத்துப் பலவீனங்கள். கொம்பனி அவற்றைப் பிடிக்கும், அதற்கு முதல் நானே சொல்லிவிடுகிறேன்.

கிணற்றுத் தண்ணீர். யாழ் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். வீட்டுக் கேத்திலின் அடியைத் திருப்பிப் பாருங்கள், வெள்ளையாகப் படை பிடித்திருக்கும். அதே படைதான் ரேடியேற்றரின் ஊசிக் குழாய்களிலும் பிடிக்கிறது. கடற்கரைப் பக்கத்துக் கிணறு என்றால் உவரும் சேர்ந்து அலுமினியத்தை அரிக்கும். இந்தப் பழக்கம் எங்களிடம் எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். நான் 1991இல் கராஜுக்குக் கைவேலைப் பெடியனாகப் போனேன். பொருளாதாரத் தடைக் காலம். ஏ40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் என்ற பழைய கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்து, அதை விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். கூலன்ற் என்ற சொல்லே அப்போது எங்கள் வாயில் வந்ததில்லை. வழியில் எந்த வளவைக் கண்டாலும் வாளியோடு இறங்கிப் போய்த் தண்ணீர் அள்ளி ஊற்றினோம். அந்த எஞ்சின்களுக்குப் புளொக்கும் வார்ப்பிரும்பு, ஹெட்டும் வார்ப்பிரும்பு. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டன. உங்கள் காரின் ஹெட் மெல்லிய அலுமினியம். சூடேறினால் முறுகிவிடும்.

ஆனால் தம்பியை நீங்கள் அளவுக்கு மிஞ்சி ஏச வேண்டாம். தண்ணீர் குறைந்ததால்தான் அவன் விட்டான். அவன் விட்டதால் குறையவில்லை. முதல் குறைவு பில்லில் பதிந்தபோது காருக்குள் கொம்பனி ஊற்றிய கூலன்ற் மட்டும்தானே இருந்தது. இரண்டு மாதத்தில் இரண்டு மூன்று தரம் விட்ட தண்ணீர் ஒரு எஞ்சினை அடைத்துவிடும் அளவுக்குப் படை பிடிப்பதும் கடினம். உண்மையில் பிடித்ததா இல்லையா என்பதை ஊகிக்கத் தேவையில்லை, திறந்தால் தெரியும்.

சிவப்பு விளக்கு எரிந்த பிறகும் ஓட்டியதுதான் பெரிய பிரச்சினை. அதைக் கடிதத்தில் மறைக்காதீர்கள். கணினி எப்படியும் காட்டிக் கொடுக்கும், அதன் பிறகு நீங்கள் சொல்லும் மற்ற உண்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள். இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: உங்கள் காரில் சூடு காட்டும் முள் கிடையாது, நீல விளக்கும் சிவப்பு விளக்கும் மட்டும்தான். ஏசி குளிராமல் போனதுதான் முதல் அறிகுறி. எஞ்சின் அளவு மீறிச் சூடானால் பல கார்களில் கணினியே ஏசியை நிறுத்திவிடும், ஓட்டுபவர் காஸ் முடிந்துவிட்டது என்று நினைப்பார். கூலன்ற் நன்றாகக் குறைந்துவிட்டால் சூட்டை அளக்கும் உணரி தண்ணீருக்குள் இல்லாமல் ஆவிக்குள் தொங்கும். அப்போது அது உண்மையான சூட்டைச் சொல்லாது, விளக்கும் பிந்தித்தான் எரியும். உங்கள் தம்பி விளக்கைக் கண்ட நேரத்தில் ஹெட் ஏற்கெனவே முறுகத் தொடங்கியிருக்கலாம். கடைசி இரண்டு கிலோமீற்றர் சேதத்தைக் கூட்டியிருக்கும். அதில் ஒரு பங்கை நீங்கள் ஏற்கத்தான் வேண்டும்.

எஞ்சினை மாற்ற வேண்டுமா, ஹெட் வேலையோடு முடியுமா? கொம்பனிக்காரரும் உங்கள் ஊர் மெக்கானிக்கும் இரண்டு பேருமே திறக்காமல் சொல்கிறார்கள். நான் பார்க்காத எஞ்சினுக்கு நானும் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், எந்த ஒழுங்கில் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். முதலில் ஒயில் கம்பியை இழுத்துப் பாருங்கள். ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, பெயறிங்குகளையும் பார்க்க வேண்டி வரும். கறுப்பாக, ஒயிலாகவே இருந்தால் பாதி நிம்மதி. அடுத்து பிளக்குகளைக் கழற்றி, பிளக் துளை வழியாகத் தண்ணீர் நிற்கிறதா என்று சின்னக் கமெராவை விட்டுப் பார்க்க வேண்டும். இருந்தால் உறிஞ்சி எடுத்துவிட்டு, கையால் சுற்றி எஞ்சின் இறுகாமல் சுழல்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அமுக்கம் ஏறுகிறது என்று அளக்கும் கம்பிரசன் சோதனை. மூன்று சிலிண்டரில் பக்கத்துப் பக்கத்து இரண்டு மட்டும் குறைந்து, மற்றது சரியாக இருந்தால் அது பெரும்பாலும் காஸ்கெற். மூன்றும் சேர்ந்து விழுந்திருந்தால் ஹெட் நன்றாக முறுகியிருக்கலாம், பிஸ்ரனும் றிங்கும் சூட்டில் கெட்டிருக்கலாம்.

பிறகு ஹெட்டைக் கழற்றுவது. இந்த இடத்தில் நீங்கள் கட்டாயம் பக்கத்தில் நில்லுங்கள், கைபேசியில் படம் எடுங்கள். துடைத்த ஹெட்டின் முகத்தில் ஓர் உருக்குப் பட்டையை நிறுத்தி, இரண்டுக்கும் இடையில் இடைவெளி அளக்கும் பீலர் கேஜின் தகட்டைச் செருகிப் பார்ப்பார்கள். பல எஞ்சின்களில் 0.05 மில்லிமீற்றர்தான் எல்லை. அது ஒரு தலைமயிரின் தடிப்புக்கும் உள்ளேதான் இருக்கும். அந்தத் தகடு இலேசாக உள்ளே போனால் ஹெட் முறுகிவிட்டது. கொஞ்சம் என்றால் லேத்தில் கொடுத்து முகம் சீவலாம். அதிகம் என்றால், அல்லது அலுமினியம் சூட்டில் மென்மையாகிப் போனால், ஹெட்டை மாற்றத்தான் வேண்டும். புளொக்கின் மேல்முகத்தையும் அதே பட்டையால் பார்க்கச் சொல்லுங்கள். அதைப் பார்க்காமல் ஹெட்டை மட்டும் சீவிப் பூட்டி, மூன்று மாதத்தில் திரும்பவும் காஸ்கெற் போன கார்கள் என் கராஜுக்கு வந்திருக்கின்றன.

கொம்பனி ஏன் நேரே எஞ்சினையே மாற்றச் சொல்கிறது? ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். திறந்து, அளந்து, சீவி, பூட்டினால் மூன்று இடத்தில் பொறுப்பு வருகிறது. புதிய எஞ்சினைத் தூக்கி வைத்தால் ஒரு தலையிடியும் இல்லை. அந்த வசதிக்குரிய 14 இலட்சத்தை நீங்கள் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் மறுப்பு.

இப்போது கடிதம். வாயால் கதைத்ததை விட்டுவிடுங்கள். கிளை முகாமையாளருக்கும் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கும் ஒரே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். கார் தயாரித்த வெளிநாட்டுக் கொம்பனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரு பிரதி போகட்டும். வாங்கிய திகதி, செசி இலக்கம், ஓடிய தூரம், சேர்விஸ் செய்த திகதிகள், இரண்டு பில்லிலும் கூலன்ற் ஊற்றிய வரி, கசிவு தேடப்படவில்லை என்பது, மார்ச்சில் நடந்தது முழுவதும். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். "நம்பிக்கைத் துரோகம்", "பகற்கொள்ளை" போன்ற சொற்களையும் தவிர்த்துவிடுங்கள். அந்த செசி இலக்கத்துக்குத் தயாரிப்பாளர் ஏதாவது திருத்த அறிவித்தல் விட்டிருக்கிறாரா என்றும் எழுத்தில் கேளுங்கள். கடைசி வரியில் நீங்கள் கேட்பது என்ன என்று தெளிவாக இருக்க வேண்டும்.

என் கணக்கில், முழுவதையும் இலவசமாகக் கேட்டால் ஒன்றும் கிடைக்காது. பாகங்களின் செலவைக் கொம்பனி ஏற்கட்டும், கூலியை நாங்கள் ஏற்கிறோம் என்று கேளுங்கள். வாரன்ரி முடிந்து சில கிழமைக்குள் வரும் பிழைகளுக்கு "குட்வில்" என்று சொல்லித் தயாரிப்பாளர்கள் இப்படிப் பங்கு போடுவது உண்டு. கேட்காதவர்களுக்கு அதைத் தேடி வந்து கொடுப்பதில்லை. முதல் பதில் பெரும்பாலும் "முடியாது" என்றுதான் வரும். அதைக் கொடுப்பவருக்கு "ஆம்" சொல்லும் அதிகாரமே இருக்காது. எழுத்தில் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு மேலே போங்கள்.

அதற்குப் பிறகுதான் சட்டம். நான் சட்டத்தரணி அல்ல, பாதை மட்டும் காட்டுகிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. தொலைபேசி 1977. வாரன்ரிக்கு ஒவ்வாத பொருள் பற்றி அங்கே எழுத்தில் முறையிடலாம். ஆனால் முறைப்பாட்டுக்குக் கால எல்லை உண்டு, ஐந்து வருடத்துக்கு முந்திய விற்பனைக்கு அந்த வாசல் ஒடுக்கமானது. சேர்விஸில் விட்ட கவனக்குறைவு என்ற பக்கத்தால் போவது பொருந்துமா என்று ஒரு சட்டத்தரணியிடம் இரண்டு பில்லையும் காட்டிக் கேளுங்கள். காப்புறுதியை நம்பாதீர்கள். முழுக் காப்புறுதி என்றாலும் மோதல், வெள்ளம், களவு மாதிரியானவற்றுக்குத்தான். இயந்திரம் தானாகப் பழுதானால் வழமையாகக் கொடுக்க மாட்டார்கள்.

கொம்பனி கைவிரித்துவிட்டால், ஹெட் வேலைக்கு இடமிருக்கும்போது அதையே செய்யுங்கள். அந்த 14 இலட்சத்தில் அது ஒரு பங்குதான் வரும். செய்பவரிடம் கேட்க வேண்டியவை: ஹெட் போல்ற் புதிதா (பல எஞ்சின்களில் அது இழுபட்டு இறுகும் வகை, இரண்டாம் தரம் பாவிக்கக்கூடாது), வோட்டர் பம்பும், சூட்டுக்கேற்பக் கூலன்றுக்கு வழி திறந்து மூடும் தேர்மோஸ்ரற்றும் ரேடியேற்றர் மூடியும் மாற்றுகிறாரா, முதலில் கூலன்ற் போன ஓட்டையைக் கண்டுபிடித்தாரா. கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் காரை அவரிடம் விடாதீர்கள்.

கொழும்பில் பாவித்த உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் பாவித்த எஞ்சின் எடுத்துப் போடலாம் என்று நிச்சயம் யாராவது சொல்வார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரி வரை பூட்டிக் கிடந்த காலத்தில் நானும் அங்கே ஏறி இறங்கியவன்தான். நல்ல எஞ்சினும் கிடைக்கும், கழுவிப் பெயின்ற் அடித்த குப்பையும் கிடைக்கும். அவர்கள் தருவது பெரும்பாலும் "செக்கிங் வாரன்ரி", ஓடுகிறதா என்று பார்க்கச் சில நாள். போட்டுப் பார்த்துச் சரிவராவிட்டால் இறக்கி ஏற்றிய கூலியும் கொழும்புப் பயணச் செலவும் உங்கள் தலையில்தான். அதைவிட உங்களுக்கு இன்னொரு சிக்கல்: எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. எஞ்சின் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இலக்கத்தை மாற்ற வேண்டும், அதற்கு அந்த எஞ்சினுக்கு ஒழுங்கான பில்லும் இறக்குமதிக் கடதாசியும் வேண்டும். லீசிங் முடியும்வரை லீசிங் கொம்பனியின் சம்மதமும் வேண்டும். கொம்பனியே புதிய எஞ்சின் போட்டாலும் இந்த இலக்க வேலையை யார் செய்கிறார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். பிறகு விற்கப் போகும்போது வாங்குபவர் அந்த இலக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார்.

லீசிங் தவணையை மட்டும் கோபத்தில் நிறுத்திவிடாதீர்கள். அது வேறு கணக்கு, கார் ஓடினாலும் நின்றாலும் கட்டத்தான் வேண்டும்.

அம்மாவின் கண்ணைக் காருக்காகத் தள்ளிப்போட வேண்டாம், இரவு பஸ்ஸில் போய் வாருங்கள். ஹெட்டைத் திறக்கும் நாளில் தேர்மோஸ்ரற்றையும் கழற்றச் சொல்லி, துடைக்க விடாமல் அப்படியே ஒரு பையில் போட்டு, திகதி எழுதி எடுத்து வையுங்கள். அதில் கேத்தில் அடியைப்போல வெள்ளைப் படை தடிப்பாக இருந்தால் கொம்பனியின் கை ஓங்கும். பித்தளை பித்தளையாகவே தெரிந்தால் கிணற்றுத் தண்ணீர் பற்றி அவர்கள் வாய் திறக்க முடியாது. எதுவாக இருந்தாலும் படத்தை எனக்கு அனுப்புங்கள்.